டர்போ வண்டியில் எரிபொருள் அழுத்தம் குறைகிறதா? பம்ப்பை மாற்றும் முன் அறிகுறி வாரியாகப் பார்க்க வேண்டியவை

ஸ்கேனரில் பி0087 என்று வந்ததும் டேங்க்கைக் கழற்றிப் புது பம்ப் போடுவது பல வொர்க்ஷாப்களில் வழக்கமாகிவிட்டது. அந்தக் கோடு (பிழைக் குறியீடு) சொல்வது ஒன்றே ஒன்றுதான்: இன்ஜெக்டர்களுக்கு எரிபொருள் பிரித்துத் தரும் ஃப்யூயல் ரெயிலில் இருக்க வேண்டிய அழுத்தம் இல்லை. காரணம் பம்ப்பாகவும் இருக்கலாம். பச்சைக்களிம்பு ஏறிய எர்த் வயர், அடைத்த சல்லடை, கால் தேய்ந்த ரிலே, பொய் சொல்லும் சென்சார் என்று எதுவாகவும் இருக்கலாம். ஆறாயிரம், பத்தாயிரம் செலவழித்துப் பம்ப் மாற்றியும் அதே கோடு திரும்பி வருவது இதனால்தான். குறை எந்தப் பாதியில் இருக்கிறது, அதாவது டேங்க்கிலிருந்து இன்ஜின் வரையிலா, இன்ஜின் மேலுள்ள உயர் அழுத்தப் பகுதியிலா என்று பிரித்துப் பார்க்காமல் ஸ்பேனரை எடுக்கக் கூடாது.

எவ்வளவு இருந்தால் சரி

டர்போ வண்டி எல்லாம் ஒரே வகை இல்லை. நெக்ஸானின் 1.2 ரெவோட்ரான் பெட்ரோல், எக்ஸ்யூவி300 முதலில் வந்த 1.2 டர்போ போன்றவற்றில் இன்ஜெக்டர் இன்டேக் போர்ட்டில் தெளிக்கிறது. அங்கே இருப்பது ஒரே பம்ப், 3 முதல் 4 பார் அழுத்தம். வென்யூ 1.0 டி-ஜிடிஐ, ஃப்ரான்க்ஸ் பூஸ்டர்ஜெட், டைகுன் 1.0 டிஎஸ்ஐ ஆகியவை சிலிண்டருக்குள் நேராகத் தெளிப்பவை (இந்த வகைதான் ஜிடிஐ). டேங்க் பம்ப் 4 முதல் 6 பாரில் தள்ள, கேம் ஷாஃப்ட்டில் ஓடும் இன்னொரு பம்ப் (மேல் பம்ப்) அதை உயர்த்தும். ஸ்லோவில் (மிதிக்காமல் இன்ஜின் ஓடும்போது) 40-60 பார் சாதாரணம். முழு மிதியில் வண்டியைப் பொறுத்து 150, 200, புதியவற்றில் அதற்கும் மேல். டீசலில் ஸ்லோவிலேயே 250-350 பார், உச்சத்தில் 1600 பார், புதியவற்றில் அதற்கும் மேல் போகும்.

இவை தோராயமான அளவுகள். உங்கள் மாடலின் சர்வீஸ் மேனுவலில் உள்ள எண்ணே கடைசி வார்த்தை. இன்னொரு விஷயம்: மலிவு விலை ப்ளூடூத் ஸ்கேனர்கள் அழுத்தத்தை கிலோபாஸ்கலில் காட்டும். 100 கிலோபாஸ்கல் என்பது 1 பார். ரெயில் 5000 என்று வந்தால் 50 பார். இன்டேக் காற்றழுத்தத்தை அளக்கும் மேப் சென்சார் 180 என்று காட்டினால், வெளிக்காற்றின் 100-ஐக் கழித்துவிட்டு 0.8 பார் பூஸ்ட் (டர்போ கூட்டித் தரும் காற்றழுத்தம்) என்று எடுத்துக்கொள்ள வேண்டும்.

கையில் இருக்க வேண்டியவை

லைவ் டேட்டா காட்டும் ஸ்கேனர், 0-10 பார் கேஜ், அதற்கு 'டி' இணைப்பு (பெரும்பாலான பைப்புகளுக்கு 7.89 மி.மீ. குயிக் கனெக்டர் பொருந்தும்), மல்டிமீட்டர், 21 வாட் பல்பு போட்ட டெஸ்ட் லாம்ப், அளவுக்கோடு போட்ட 1 லிட்டர் பாட்டில், உலர்ந்த பவுடர் வகைத் தீயணைப்பான். கடைசியாகச் சொன்னது அலங்காரத்துக்கு அல்ல. அது கை எட்டும் தூரத்தில் இல்லாவிட்டால் பைப்பைக் கழற்றாதீர்கள்.

கழற்றும் முன் அழுத்தத்தை இறக்க வேண்டும். பம்ப் ஃப்யூஸையோ ரிலேயையோ பிடுங்கி, இன்ஜின் தானாக நிற்கும்வரை ஓடவிட்டு, பிறகு நாலு வினாடி செல்ஃப் அடியுங்கள். கனெக்டரைத் துணி சுற்றித் திறங்கள். ஜிடிஐ, டீசல் வண்டிகளில் உயர் அழுத்தப் பைப்பை இன்ஜின் ஓடும்போது தளர்த்துவது விளையாட்டில்லை. 1000 பாருக்கு மேல் சீறும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போகும். வெளியே சின்னப் புள்ளியாகத்தான் தெரியும், விரலையே எடுக்க வேண்டி வரும். கசிவு தேடக் கையைக் கொண்டு போகாதீர்கள்; அட்டைத் துண்டைக் காட்டுங்கள். ஸ்கேனரில் ரெயில் அழுத்தம் இறங்கிவிட்டதைக் கண்ணால் பார்த்த பிறகே ஸ்பேனர்.

"ஸ்லோவுல நல்லா ஓடுது, ஏத்தத்துல வலிக்க மாட்டேங்குது"

அதிகம் வரும் புகார் இது. அதிகம் தவறாகப் புரிந்துகொள்ளப்படுவதும் இதுதான். குமரி மாவட்டத்தில் குலசேகரத்திலிருந்து பேச்சிப்பாறைப் பக்கம் ஏறும்போதோ, மார்த்தாண்டம் மேம்பாலத்தில் ஆள் நிறைய ஏற்றிக்கொண்டு ஏறும்போதோ ஒரு வெட்டு, பிறகு இழுவையே இல்லை. வீட்டு வாசலில் ஆக்ஸிலேட்டரை அழுத்திப் பார்த்தால் குறை தெரியாது.

ஏன் டர்போவில் மட்டும் இப்படி? இன்ஜெக்டர் தெளிக்கும் அளவை நிர்ணயிப்பது ரெயில் அழுத்தம் மட்டுமல்ல. அதற்கும் இன்டேக்கில் இருக்கும் அழுத்தத்துக்கும் உள்ள வித்தியாசம். 4 பார் இருக்க வேண்டிய ரிட்டர்ன் இல்லாத (மிஞ்சிய பெட்ரோல் இன்ஜினிலிருந்து டேங்க்குக்குத் திரும்பாத) அமைப்பில் 3 பார்தான் வருகிறது என்று வைத்துக்கொள்வோம். ஸ்லோவில் இன்டேக்கில் 0.6 பார் வேக்யூம். வித்தியாசம் 4.6-க்குப் பதில் 3.6. தெளிப்பு இந்த வித்தியாசத்தின் வர்க்கமூலத்தைப் பொறுத்தது. ஆக ஏறத்தாழ 11-12 சதவீதம் குறைவு. ஈசியூ (இன்ஜின் கம்ப்யூட்டர்) ட்ரிம்மை, அதாவது தெளிப்பில் செய்யும் திருத்தத்தை, கூட்டி இதைச் சமாளித்துவிடும், ஓட்டுபவருக்கு ஒன்றும் தெரியாது. அதே வண்டியில் 0.8 பார் பூஸ்ட் வரும்போது 3.2 இருக்க வேண்டிய வித்தியாசம் 2.2 ஆகிறது. இப்போது 17 சதவீதம் குறைவு, அதுவும் இன்ஜினுக்கு அதிகம் தேவைப்படும் நேரத்தில். ஆகவே ஸ்லோவில் கேஜ் வைத்துப் பார்த்து 'அழுத்தம் சரி' என்று சொல்வதில் பாதி உண்மைதான் இருக்கிறது.

அழுத்தம் வேறு, அளவு வேறு என்பதும் இங்கே சேர்கிறது. தோட்டத்து ஹோஸின் வாயை விரலால் அடைத்தால் சொட்டுச் சொட்டாக வரும் தண்ணீர்கூட நன்றாகச் சீறும். விரலை எடுத்தால்தான் உண்மை தெரியும். பாதி செத்த பம்ப்பும் ஸ்லோவில் 4 பார் காட்டும்.

ஆகவே சோதனையை லோடில் செய்யுங்கள். கேஜைக் கண்ணாடிக்கு வெளியே வைப்பரில் கட்டிவிட்டு (பெட்ரோல் ஹோஸைக் காருக்குள் கொண்டுவரக் கூடாது), ஒருவர் ஓட்ட, இன்னொருவர் ஸ்கேனரைப் பதிவு செய்ய வேண்டும். மூன்றாவது கியர், 2000 ஆர்பிஎம்மிலிருந்து முழு மிதி, 4500 வரை. ஆறேழு வினாடி போதும். நாகர்கோவில் ஊருக்குள் இதற்கு இடமில்லை. தோவாளை தாண்டிய நான்குவழிச் சாலையில் கூட்டமில்லாத நேரம் பார்த்துச் செய்யலாம். ஆனி, ஆடியில் ஆரல்வாய்மொழியிலிருந்து தோவாளை நோக்கி வரும்போது கணவாய்க் காற்று எதிர்த்து அடிக்கும். ஏற்றம் தேடாமலே இன்ஜினுக்கு லோடு கிடைத்துவிடும்.

பதிவில் பார்க்க வேண்டியவை: வேண்டிய ரெயில் அழுத்தம், உண்மையான ரெயில் அழுத்தம், லாம்ப்டா (காற்று-எரிபொருள் கலவை அளவு; 1-ஐத் தாண்டினால் எரிபொருள் குறைவு), மேப், ட்ரிம். முழு பூஸ்ட்டில் லாம்ப்டா 1-ஐத் தாண்டினால் அந்த நொடியே காலை எடுங்கள். பூஸ்ட்டில் எரிபொருள் குறைந்த கலவை நாக் (சிலிண்டருக்குள் தட்டும் வெடிப்பு) கொடுக்கும், பிஸ்டன் முனை உருகும். இரண்டாம் முறை சோதிக்க ஆசைப்பட வேண்டாம்.

போர்ட் இன்ஜெக்‌ஷன் வண்டியில் ரெகுலேட்டருக்கு (அழுத்தத்தைச் சீராக வைக்கும் வால்வு) வேக்யூம் ஹோஸ் இருந்தால், ஹோஸைக் கழற்றி அடைத்தபோது 3 பார் காட்டுவது ஸ்லோவில் ஹோஸ் மாட்டியதும் 2.4-2.5 ஆக இறங்க வேண்டும், 0.8 பூஸ்ட்டில் 3.8 ஆக ஏற வேண்டும். ஏறாமல் 3-இல் நின்றால் ஹோஸ் கிழிந்திருக்கலாம் அல்லது ரெகுலேட்டருக்குள் இருக்கும் ரப்பர் தகடான டயாஃப்ரம் போயிருக்கலாம். ஹோஸுக்குள் பெட்ரோல் ஈரம் இருந்தால் டயாஃப்ரம்தான், வேறு யோசனை வேண்டாம். முதலில் ஏறிப் பிறகு விழுந்தால் அளவு போதவில்லை. ரெகுலேட்டர் டேங்க்குள்ளேயே இருக்கும் புதிய வண்டிகளில் கேஜ் முள் அசையாமல் நிற்க வேண்டும். 0.3 பாருக்கு மேல் இறங்கினால் கணக்கில் எடுங்கள்.

ஜிடிஐ-யில் இரண்டு பக்கத்தையும் ஒரே ஓட்டத்தில் பாருங்கள். டேங்க் பக்க அழுத்தம் முதலில் விழுந்து, பின்னால் ரெயில் விழுந்தால் குறை பின்சீட்டுக்குக் கீழே, அதாவது டேங்க் பம்ப் பக்கம். டேங்க் பக்கம் 5 பாரில் நிற்க, ரெயில் மட்டும் வேண்டியதைவிட 20, 30 பார் கீழே ஓடினால் மேல் பம்ப், அதில் அழுத்தத்தைக் கட்டுப்படுத்தும் ஸ்பில் வால்வு, அல்லது அதை அழுத்தும் ஃபாலோயர். ஸ்லோவிலேயே ரெயில் 5, 6 பார் என்று டேங்க் பம்ப் அளவிலேயே ஒட்டிக்கொண்டிருந்தால் மேல் பம்ப் வேலையே செய்யவில்லை என்று அர்த்தம். முதலில் அதன் கனெக்டரைப் பாருங்கள், பிறகு மற்றதெல்லாம்.

பின்பக்கம் என்று தெரிந்த பிறகும் பம்ப்புக்கு நேராகப் போக வேண்டாம். முதலில் கரண்ட். இன்ஜின் ஓடும்போது பம்ப் கனெக்டரின் இரு முனைக்கும் மல்டிமீட்டர் வையுங்கள். பேட்டரி வோல்டேஜைவிட அரை வோல்ட்டுக்கு மேல் குறைந்தால் வழியில் எங்கோ தின்கிறது. மீட்டரின் ஒரு முனையைப் பேட்டரி நெகட்டிவிலும் மற்றதைப் பம்ப்பின் எர்த் பின்னிலும் வைத்தால் 0.2 வோல்ட்டுக்கு மேல் வரக் கூடாது. குளச்சல், முட்டம், மணவாளக்குறிச்சி போல் கடற்காற்று படும் ஊர் வண்டிகளில் முதல் சந்தேகமே இந்த எர்த்தான். போல்ட் வெளியே நன்றாகத்தான் தெரியும். கழற்றித் திருப்பிப் பார்த்தால் வளையத்துக்கு அடியில் பச்சைத் தூள் உதிரும், செம்பு இழைகளில் பாதி கறுத்துப் போயிருக்கும். வளையத்தைச் சுரண்டி மாட்டுவது தற்காலிகம்தான். கறுத்த பகுதியை வெட்டிவிட்டுப் புதுக் கண்ணி போட்டு, மேலே கிரீஸ் தடவுங்கள். மீன் பெட்டி ஏற்றிய வண்டி என்றால் ஃப்ளோர் கார்ப்பெட்டுக்குக் கீழே ஓடும் வயரையும் பார்த்துவிடுங்கள்.

வயரைச் சோதிக்க மீட்டர் மட்டும் போதாது. ஒற்றை இழையில் தொங்கும் வயரும் லோடு இல்லாதபோது 12 வோல்ட் காட்டும். பம்ப்பைக் கழற்றிவிட்டு 21 வாட் பல்பை மாட்டுங்கள். மங்கி எரிந்தால் வயர் அல்லது ரிலே.

கரண்ட் சரி என்றால் அளவுச் சோதனை. இன்ஜின் பக்கப் பைப்பைக் கழற்றிப் பாட்டிலில் விட்டு, ரிலே இடத்தில் ஜம்பர் போட்டு 15 வினாடி ஓடவிடுங்கள். 120 குதிரைத்திறன் பெட்ரோல் இன்ஜின் முழு லோடில் மணிக்கு 40 லிட்டர் அளவுக்குக் குடிக்கும். அதாவது 15 வினாடிக்குச் சுமார் 165 மில்லி. திறந்த பைப்பில் பம்ப் அதைப்போல் இரண்டு மடங்குக்கு மேல் தள்ள வேண்டும். 350-500 மில்லி வந்தால் நிம்மதி. 250-க்குக் கீழே வந்தால் சல்லடை, ஃபில்டர், பம்ப் மூன்றில் ஒன்று.

ஜம்பர் போடும் முன் ஒரு எச்சரிக்கை. பல புதிய வண்டிகளில் பம்ப்பைத் தனி மாட்யூல் துடிப்பு துடிப்பாக இயக்குகிறது. சிலவற்றில் மூன்று வயர் பிரஷ்லெஸ் பம்ப். அவற்றில் நேராக 12 வோல்ட் கொடுத்தால் மாட்யூலோ பம்ப்போ போய்விடும். ஸ்கேனரின் ஆக்சுவேட்டர் டெஸ்ட்டில்தான் ஓட்ட வேண்டும்.

கிளாம்ப் மீட்டர் இருந்தால் ஆம்பியரும் பாருங்கள். சாதாரணப் பம்ப் 4-7 ஆம்பியர் இழுக்கும். அதைத் தாண்டி ஏறினால் முன்னால் ஃபில்டரோ பைப்போ அடைத்திருக்கிறது அல்லது பம்ப் இறுகுகிறது. 2, 3 என்று குறைந்து, கூடவே டேங்க்கிலிருந்து ஊளைச் சத்தம் வந்தால் சல்லடை அடைத்துப் பம்ப் காற்றை இழுக்கிறது.

டேங்க்கைத் திறந்தபோது சல்லடையைத் தொட்டு மட்டும் பார்க்காமல் வெளிச்சத்தில் பிடியுங்கள். பழுப்பு அரக்கு படிந்திருந்தால் பழைய படிவுகளை எத்தனால் கரைத்துக் கொண்டுவந்திருக்கிறது. ஈ20 (20 சதவீதம் எத்தனால் கலந்த) பெட்ரோலுக்கு மாறிய பழைய வண்டிகளில் இது வரும். டேங்க்கின் அடியிலிருந்து கண்ணாடிப் பாட்டிலில் கொஞ்சம் பெட்ரோல் எடுத்து ஒரு மணி நேரம் அசையாமல் வையுங்கள். இரண்டு அடுக்காகப் பிரிந்தால் தண்ணீர் புகுந்து, எத்தனாலையும் சேர்த்து இழுத்துக்கொண்டு கீழே இறங்கிவிட்டது. இந்த மாவட்டத்துக்கு ஆனி ஆடியிலும் மழை, ஐப்பசி கார்த்திகையிலும் மழை. டேங்க் மூடியின் ரப்பர் வெடித்திருந்தால் வருடத்தில் பாதி நாள் ஈரம் உள்ளே போகும். அந்தப் பெட்ரோலை முழுவதும் இறக்காமல் புது பம்ப் போட்டால் காசுதான் வீண்.

இழுவை இல்லை என்பதெல்லாம் எரிபொருள் குறையா?

இல்லை. இன்டர்கூலர் ஹோஸ் கழன்றாலும் இதே புகார்தான். டீசலில் புகையைப் பாருங்கள். பூஸ்ட் கசிந்தால் காற்று குறைந்து கறும்புகை தள்ளும். எரிபொருள் குறைந்தால் புகையே இருக்காது, வண்டி சும்மா சோர்ந்து போகும். பெட்ரோலில் பி0299 (பூஸ்ட் குறைவு) தனியாக வந்தால் டர்போ பக்கம். பி0087-உடன் பி0171 (எரிபொருள் குறைந்த கலவை) சேர்ந்து வந்தால் எரிபொருள் பக்கம். ரெயில் அழுத்தம் குறைந்ததும் ஈசியூ தானே பூஸ்ட்டை வெட்டிவிடுவதும் உண்டு. அப்போது இரண்டு கோடும் வரும். எது முதலில் பதிந்தது என்று ஃப்ரீஸ் ஃப்ரேமில் (கோடு விழுந்த நொடியில் ஈசியூ சேமித்த பதிவு) பார்த்துக்கொள்ளலாம்.

"காலையில நாலஞ்சு தடவை செல்ஃப் அடிக்கணும், அப்புறம் ஒண்ணும் தெரியாது"

இரவில் பைப்பில் நிற்க வேண்டிய அழுத்தம் வடிந்துவிடுகிறது. சாவியை ஆன் செய்து பம்ப் சத்தம் நிற்கும்வரை இரண்டு மூன்று வினாடி விட்டு, ஆஃப் செய்து, இதையே மூன்று தடவை செய்துவிட்டுச் செல்ஃப் அடியுங்கள். பட்டென்று ஸ்டார்ட் ஆனால் நோய் உறுதி.

வடிவது எங்கே? கேஜை மாட்டி இன்ஜினை நிறுத்துங்கள். 20 நிமிடத்தில் பாதிக்கு மேல் இறங்கினால், மறுமுறை நிறுத்தியதும் டேங்க்கிலிருந்து வரும் ரப்பர் ஹோஸைக் கிளாம்ப் போட்டு நெருக்குங்கள். நைலான் பைப்பை நெருக்கக் கூடாது, விரிசல் விடும். நெருக்கிய பிறகு முள் நின்றால் குறை பம்ப்பின் செக் வால்வில் (பெட்ரோலைத் திரும்பிப் போகவிடாத வால்வு). நிற்காவிட்டால் ரிட்டர்ன் ஹோஸை நெருக்குங்கள். இப்போது நின்றால் ரெகுலேட்டர். இரண்டுக்கும் மசியாவிட்டால் இன்ஜெக்டர் சொட்டுகிறது. அந்தச் சிலிண்டரின் பிளக் ஈரமாக இருக்கும், ஸ்டார்ட் ஆகும்போது பெட்ரோல் வாடை தூக்கும், ஸ்லோவில் ட்ரிம் மைனஸில் போகும்.

ஜிடிஐ-யில் இன்னொரு வழியும் இருக்கிறது. மேல் பம்ப்பின் சீல் போனால் பெட்ரோல் நேராக இன்ஜின் ஆயிலில் இறங்கும். டிப்ஸ்டிக்கில் ஆயில் மட்டம் ஏறியிருக்கிறதா, முகர்ந்தால் பெட்ரோல் வாடையா என்று பாருங்கள். ஆம் என்றால் வண்டியை ஓட்டாதீர்கள். நீர்த்த ஆயில் டர்போ பேரிங்கைத் தின்றுவிடும். சூடான ஜிடிஐ இன்ஜினை நிறுத்தியதும் ரெயில் அழுத்தம் ஏறுவதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம், அடைபட்ட பெட்ரோல் சூட்டில் விரிகிறது.

"டேங்க் கால்வாசிக்குக் கீழே போனா வளைவுல வெட்டுது"

பம்ப் உட்கார்ந்திருக்கும் சின்னக் கிண்ணத்தை எப்போதும் நிரப்பி வைக்க ஒரு ஜெட் இருக்கும். அதன் துளை அடைத்தால் இந்த அறிகுறி வரும். துளையைச் சுத்தம் செய்தால் போதும். காற்றைக் குடித்து ஓடும் பம்ப்புக்குக் குளிர்ச்சியும் கிடைக்காது, உயவும் கிடைக்காது. நூறு ரூபாய்க்கு நூறு ரூபாய்க்குப் போட்டு ஓட்டும் வண்டிகளில் பம்ப் சீக்கிரம் போவது இதனால்தான்.

"டிராஃபிக்ல சூடானதும் நின்னுபோகுது, அரை மணி கழிச்சா தானா ஸ்டார்ட் ஆகுது"

நின்ற அந்த நேரத்தில் சோதித்தால்தான் உண்டு. ஆறிய பிறகு எல்லாம் நல்லபடியாகவே இருக்கும். முதலில் ஸ்கேனரில் செல்ஃப் அடிக்கும்போது ஆர்பிஎம் வருகிறதா பாருங்கள். பூஜ்யம் என்றால் கிராங்க் சென்சார். எரிபொருளைத் தொடவே வேண்டாம். சூட்டில் நிற்கும் வண்டிகளில் இது பம்ப் குறையைப் போலவே நடிக்கும்.

ஆர்பிஎம் வருகிறது, அழுத்தம் இல்லை என்றால் பின்சீட்டில் காது வையுங்கள். பம்ப் சத்தம் இல்லை, கனெக்டரில் கரண்ட் இருக்கிறது என்றால் பம்ப்தான். டேங்க்கின் அடியில் ரப்பர் சுத்தியலால் இரண்டு தட்டு தட்டியதும் ஓடினால் பிரஷ் முடிந்துவிட்டது. வீடு போய்ச் சேரலாம், மறுநாள் நம்ப முடியாது. கரண்டே வரவில்லை என்றால் ரிலே. அதே பெட்டியில் ஹார்னுக்கோ ஃபேனுக்கோ அதே எண்ணுள்ள ரிலே இருந்தால் மாற்றிப் போட்டுப் பாருங்கள். செலவே இல்லாத சோதனை.

"லைட் எரியுது, வண்டியில குறை ஒண்ணும் இல்லை"

பி0087 வந்திருக்கிறது, லாம்ப்டா சரி, ட்ரிம் சரி, இழுவை சரி என்றால் சென்சாரைச் சந்தேகியுங்கள். அழுத்தத்தை முழுக்க இறக்கிய பிறகு சாவி மட்டும் ஆன் செய்தால், பெரும்பாலான ரெயில் சென்சார்களின் சிக்னல் வயரில் 0.5 வோல்ட் அளவில் இருக்க வேண்டும். அதன் சப்ளை 5 வோல்ட். இன்ஜின் ஓடும்போது கனெக்டரை லேசாக அசைத்து எண் துள்ளுகிறதா பாருங்கள். துள்ளினால் பின் தளர்ந்திருக்கிறது. சென்சாரை மாற்றும்போது ரெயிலில் உட்காரும் இடத்தைத் துடைத்து, குறித்த டார்க்கில் இறுக்குங்கள். ஜிடிஐ-யில் கண்மூடித்தனமாக இறுக்கினால் திரெட் போய் ரெயிலையே மாற்ற நேரும்.

பெட்ரோல் வாடை

ஸ்டார்ட் செய்யாதீர்கள். குயிக் கனெக்டரின் ஓ-ரிங், ரெயில் மூட்டு, பம்ப் மூடியின் சீல் இந்த வரிசையில் பாருங்கள். குலசேகரம், அருமனைப் பக்கம் ரப்பர் தோட்டத்து வீடுகளில் நிறுத்தும் வண்டிகளில் எலி நைலான் பைப்பைக் கடித்து வைத்திருப்பதும் உண்டு. கடித்த பைப்பில் ரப்பர் ஹோஸைச் செருகி கிளிப் போடுவது 5 பாருக்குத் தாங்காது. முழுப் பைப்பையும் மாற்றுங்கள்.

டீசல் வண்டிகள்

ஸ்விஃப்ட் 1.3, க்ரெட்டா சிஆர்டிஐ, பொலிரோ, இன்னோவா எல்லாவற்றுக்கும் ஒரே தர்க்கம்தான், வரிசை மட்டும் வேறு: காற்று, ஃபில்டர், இன்ஜெக்டர் ரிட்டர்ன், கன்ட்ரோல் வால்வு, எல்லாவற்றுக்கும் பிறகு பம்ப். செல்ஃப் அடிக்கும்போது ரெயில் 150-200 பாரைத் தொடாவிட்டால் ஈசியூ இன்ஜெக்டரைத் திறக்கவே விடாது. இன்ஜின் சுற்றும், தும்மக்கூட செய்யாது.

ஃபில்டருக்கும் பம்ப்புக்கும் நடுவில் தெளிந்த பிளாஸ்டிக் ஹோஸ் ஒன்றை மாட்டிப் பாருங்கள். குமிழ் ஓடினால் ஃபில்டர் மூடியின் ஓ-ரிங்கோ, கைப்பம்ப்பின் மூட்டோ காற்றை உறிஞ்சுகிறது. வெளியே ஈரம் தெரியாது. உறிஞ்சும் பக்கத்தில் டீசல் கசிவதைவிடக் காற்று நுழைவதே வழக்கம். டேங்க்கில் மின்பம்ப் இல்லாமல் இன்ஜின் பம்ப்பே உறிஞ்சும் வகையில் அங்கே வேக்யூம் கேஜ் மாட்டினால் 8-19 செ.மீ. மெர்குரி சரியான அளவு. 20-ஐத் தாண்டினால் ஃபில்டர் அல்லது பைப் அடைப்பு. 7-க்குக் கீழே என்றால் காற்று. இந்த ஒரு அளவு பாதி வேலையை முடித்துவிடும்.

இன்ஜெக்டர் ரிட்டர்ன் சோதனைக்கு நாலு ஒரே அளவுக் குழாய் போதும். இன்ஜின் சூடான பிறகு நாலு ரிட்டர்ன் முனையிலும் மாட்டி இரண்டு மூன்று நிமிடம் ஸ்லோவில் விடுங்கள். மூன்று 20 மில்லி நிறைந்து ஒன்று மட்டும் 50-ஐத் தாண்டினால் ரெயில் அழுத்தம் அந்த வழியாகத்தான் போகிறது. அந்த ஒரு இன்ஜெக்டருக்காகப் பம்ப்பைப் பழி சொல்லி மாற்றியவர்கள் நிறைய. எல்லாம் சமம், ஆனால் ரெயிலின் ரிட்டர்ன் பைப்பில் செல்ஃப் அடிக்கும்போதே டீசல் ஓடினால் ரெயில் வால்வு மூடவில்லை.

பழைய ஃபில்டரை எறியும் முன் வெட்டிப் பாருங்கள். அடியில் தண்ணீர், துரு என்றால் டேங்க்கைக் கழுவ வேண்டும். கன்னாஸில் (பிளாஸ்டிக் கேனில்) மாதக்கணக்கில் வைத்திருந்த டீசலை ஊற்றியிருந்தால் கறுப்புச் சளி போல் படிந்திருக்கும். வெள்ளி ஜிகினா போல் மின்னினால் அது பம்ப் உள்ளே தேய்ந்து வரும் உலோகம். அப்போது பம்ப் மட்டும் மாற்றினால் போதாது; ரெயில், பைப், இன்ஜெக்டர், டேங்க் எல்லாம் சுத்தமாக வேண்டும், இல்லையென்றால் புது பம்ப்பும் அதே வழியில் போகும். ஃபில்டர் மாற்றியதும் கைப்பம்ப் இறுகும்வரை அழுத்திக் காற்றை வெளியேற்றிவிட்டுத்தான் செல்ஃப். டீசலே இந்தப் பம்ப்புக்கு ஆயில். காய்ந்து சுற்றினால் உள்ளே கீறும்.

சரிசெய்த பிறகு

பிழைக் குறியீட்டை அழித்து, ட்ரிம்மை ரீசெட் செய்து, முதலில் ஓட்டிய அதே சாலையில், அதே கியரில், அதே ஆட்களுடன் பதிவெடுங்கள். வேண்டிய அழுத்தமும் உண்மை அழுத்தமும் முழு மிதியில் ஒன்றையொன்று ஒட்டி ஓட வேண்டும். 50 கி.மீ. கழித்து ஸ்லோவிலும் ஓட்டத்திலும் லாங் டெர்ம் ட்ரிம் பிளஸ் மைனஸ் 5-க்குள் இருந்தால் வேலை முடிந்தது. ஈ20-க்கு முந்தைய வண்டியில் பிளஸ் 6, 8 என்று நின்றால் அது எத்தனாலின் கணக்கு, பம்ப் குறை அல்ல. ஸ்லோவில் மட்டும் பிளஸ் 15 காட்டி, ஆர்பிஎம் ஏற ஏறச் சரியானால் இன்டேக்கில் காற்றுக் கசிவைத் தேடுங்கள். ஸ்லோவில் சரியாக இருந்து லோடில் ஏறினால் அளவுச் சோதனையை மறுபடி செய்யுங்கள், இம்முறை பாட்டிலைப் பிடிக்கும் முன் ஃபில்டரையும் மாற்றிவிட்டு.